மீதி ஜீப் செஞ்சியில் இருந்தது

எங்கள் வீட்டு முன்கூரையின் கீழ் ஆறு வருடமாக ஒரு ஜீப் இருந்தது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. இருந்தது அதன் இன்ஜினும் கியர் பெட்டியும்தான். உடம்பு கிடையாது. இரண்டாம் உலகப்போரில் எந்தப் பட்டாளமோ விட்டுவிட்டுப் போன வண்டி அது. தைப்பிங்குக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தின் பின்புறம் கிடந்தது. எங்கள் ஊர் மழைக்குப் பேர் போனது. என் கணவர் சந்திரன் அதைக் கண்டுபிடித்து லாரியில் ஏற்றி வந்தபோது தகரம் முழுக்கக் கை பட்டால் அப்பளம் போல உடைந்தது. இன்ஜின் மட்டும் பிழைத்துக்கொண்டது.

அவர் அதற்கு ஒரு இரும்புச் சட்டம் செய்து நிறுத்தி, இரண்டு வருடம் கழற்றி மாட்டி, ஓடவும் வைத்துவிட்டார். ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்கு அது உறுமும். எங்கும் போகாது, உறுமும். பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா அந்தச் சத்தம் கேட்டதும் கொடியில் காயும் துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். நான் வீட்டின் முன்னறையில் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். என் வாடிக்கையாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தேன்.

போன வருடம் பழைய ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஆட்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அவருக்கு ஒரு படம் வந்தது. செஞ்சியிலிருந்து வரதராஜன் என்ற தீவன வியாபாரி அனுப்பியது. அதே மாதிரி ஜீப். முழு உடம்பு, பச்சை வண்ணம் அடித்து, பளபளவென்று. இன்ஜின் மட்டும் இல்லை. சந்திரன் அன்று இரவுச் சாப்பாட்டை மறந்தார். மூன்று மாதம் இருவரும் குரல் செய்தி அனுப்பிக்கொண்டார்கள். "ரெண்டையும் ஒண்ணு சேத்துடலாம் அண்ணே" என்று இவர் சொல்வார். "கண்டிப்பா சேத்துடலாம்" என்று அவர் சொல்வார். விமானச் சீட்டும் வாங்கியாகிவிட்டது.

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது சந்திரனுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர் என்னைப் பார்த்தார். நான் திரைச்சீலையைப் பார்த்தேன்.

"நீ போய்ப் பார்த்துட்டு வந்தா போதும், கௌசி. கேக்க வேண்டியதெல்லாம் எழுதித் தர்றேன். முக்கியமா முன்னால இருக்கிற கம்பி வரிசையில எத்தனை சந்து இருக்குன்னு எண்ணிப் பாரு. ஏழு இருந்தா அது சண்டைக்கு அப்புறம் ஜனங்களுக்குச் செஞ்சது. ஒன்பது இருந்தா ராணுவத்துது."

ஆக, ஒரு இரும்பின் மூஞ்சியில் எத்தனை சந்து என்று எண்ணுவதற்காக நான் கடல் தாண்டினேன்.

சென்னையில் பேருந்து ஏறப்போனது பௌர்ணமி அன்று. இது எனக்குத் தெரியாது. திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போகிறவர்கள் நிலையத்தை நிறைத்திருந்தார்கள். நடத்துநர் படியில் நின்று, "திருவண்ணாமல மட்டும் ஏறு. செஞ்சி, திண்டிவனம்லாம் பின்னாடி வண்டி" என்று கத்திக்கொண்டிருந்தார். பின்னாடி வண்டியின் நடத்துநரும் அதையேதான் சொன்னார். மூன்றாவது வண்டியில் நான் திருவண்ணாமலைக்கே சீட்டு வாங்கி, பக்தி முகத்துடன் உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பக்கத்தில் ஒருவர் புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். அதன் இரண்டு கால்கள் வழியெல்லாம் என் தோளில் இருந்தன.

செஞ்சி வந்ததும் நான் மெதுவாக எழுந்தேன். பார்த்தால் பாதி வண்டி எழுந்தது. நாற்காலிக்காரரும் எழுந்தார். எல்லாருமே திருவண்ணாமலைச் சீட்டு வாங்கிய செஞ்சிக்காரர்கள். நடத்துநர் காலியான இருக்கைகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இன்னாம்மா, மலைய சுத்த வேணாமா?" என்று என்னிடம் மட்டும் கேட்டார். ஊருக்கு வெளியே மூன்று பக்கமும் உருண்டைப் பாறைகளை யாரோ அள்ளிக் கொட்டியது போல மலைகள் நின்றன. "இங்கயும் இருக்குதே" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இறங்கியதும் ஒரு ஆட்டோக்காரர் நேராக என்னிடம் வந்தார். பெயர் ஏழுமலை. "மலேசியாலேர்ந்து ஜீப்பு பாக்க வந்தவங்கதான? வரதராஜண்ணன் சொல்லிக்கிறாரு" என்று என் பெட்டியைத் தூக்கினார். தூக்கியவர் நின்று, இன்னொரு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இவ்ளோ லேசா இருக்குதே. இன்ஜினு பின்னாடி வருதா?"

பயணக் களைப்பில் எனக்கு அது விளங்கவில்லை. ஆமாம் போல ஏதோ தலையாட்டிவிட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

மறுநாள் காலை வரதராஜன் கடைக்குப் போனேன். கடைத்தெருவில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக உருண்டையான ஒரு மனிதர். கடை முழுக்க எண்ணெய் மணம். "மல்லாட்டப் புண்ணாக்கும்மா. மாட்டுக்கு" என்றார். மல்லாட்டை என்றால் என்னவென்று நான் விழித்தபோது அவர் ஒரு கைப்பிடி வேர்க்கடலையை எடுத்து என் கையில் கொட்டினார். எங்கள் ஊரில் கடலைக்கு ஒரு பெயர்தான். இங்கே வந்ததிலிருந்து அதைத் தின்றுகொண்டே இருந்தேன், இட்லிக்குச் சட்னியாக, டீக்கடையில் பொட்டலமாக. பெயர் தெரியாமலே தின்றிருக்கிறேன்.

வீடு விழுப்புரம் சாலையில். பின்புறம் தீவனக் கிடங்கு. அவர் மனைவி பச்சையம்மாள் எனக்குக் காபி கொடுத்துவிட்டு, கிடங்கின் கதவைத் தள்ளித் திறந்தார். ஐம்பது வயது இருக்கும், மெலிந்த உடம்பு, சேலையை இழுத்துச் செருகியிருந்தார்.

நான் நேராகப் போய் எண்ணினேன். ஒன்பது. நம்பாமல் வலது பக்கத்திலிருந்து ஒருமுறை எண்ணினேன். ஒன்பதுதான்.

அதற்குப் பிறகுதான் வண்டியையே பார்த்தேன். ஆறு வருடம் அதன் குடலை மட்டும் பார்த்துப் பழகியவளுக்கு, இப்போது முகம் தெரிந்தது. கண்ணாடிச் சட்டம் பானெட்டின் மேல் மடிந்து படுத்திருந்தது. பக்கவாட்டில் மண்வெட்டியும் கோடாரியும் மாட்ட வார் தொங்கியது. வார் கைத்தையல். இழை ஒன்று கூடப் பிசகவில்லை. தொழில்காரி என்ற முறையில் அதைத் திருப்பிப் பார்த்து, யார் தைத்தது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வரதராஜன், "கேளுங்கம்மா, இன்னா கேக்கணுமோ கேளுங்க" என்று இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டார்.

நான் சந்திரனின் பட்டியலைப் பிரித்தேன். மொத்தம் பதினான்கு கேள்விகள்.

"அடிச்சட்டத்துல எங்கயாவது துரு ஓட்டை விழுந்து ஒட்டுப் போட்டிருக்கா?"

"ஒட்டா?" வரதராஜன் யோசித்தார். "பச்ச, இங்க வாயேன். ஒட்டு கீதா?"

"பின்னாடி எடது பக்கம் ஒண்ணு. கையகலம்" என்றார் பச்சையம்மாள்.

"பின்னாடி எடது பக்கம் ஒண்ணும்மா. கையகலம்" என்றார் வரதராஜன் என்னிடம்.

"முகப்பு விளக்கைத் திருப்பினா இன்ஜின் பக்கம் பார்க்குமா?"

"பச்ச, வெளக்கு திரும்புமா?"

"திரும்பும். ரெண்டுமே திரும்பும்."

"ரெண்டுமே திரும்புதும்மா."

பதினான்கு கேள்விகளும் இப்படியே பச்சையம்மாளிடம் போய்ச் சுற்றி வந்தன. கடைசியில் நான் தாளை மடித்தபோது வரதராஜன் திருப்தியாகக் கைகளைத் தேய்த்துக்கொண்டு கேட்டார். "அப்பறம்? இன்ஜின் எப்ப வருதும்மா?"

"எந்த இன்ஜின்?"

"உங்க இன்ஜின்."

"அது எதுக்கு வரணும்? இந்த உடம்பு எப்ப எங்களுக்கு வரும்னு கேக்கத்தான் நான் வந்திருக்கேன்."

வரதராஜன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை. ஒன்று சேர்ப்பது என்று இரண்டு ஆண்களும் மூன்று மாதம் பேசியிருக்கிறார்கள். எங்கே சேர்ப்பது என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பச்சையம்மாள்தான் முதலில் வாய் திறந்தார். "பொண்ணு பாத்து, தட்டு மாத்தி, எல்லாம் முடிச்சிட்டாங்க. குடித்தனம் எந்த ஊர்லன்னு பேசல." சிரித்தார். ஆனால் கை பானெட்டின் விளிம்பைப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் வீடியோ அழைப்பில் பேச்சுவார்த்தை. சாய்வு நாற்காலியில் கால் நீட்டிய சந்திரன் அந்தப் பக்கம், புண்ணாக்கு மூட்டை மேல் வரதராஜன் இந்தப் பக்கம். போனைப் பிடித்திருந்தது நான். முதல் பத்து நிமிடம் ஒருவரையொருவர் அண்ணே என்றார்கள். அடுத்த பத்து நிமிடம் சார் என்றார்கள். அதற்கப்புறம் அழைப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

"இன்ஜின்தான் வண்டியோட உசுரு. உசுரு எங்க இருக்கோ அங்கதான் உடம்பு வரணும்" என்றார் சந்திரன்.

"உசுர கைல எடுத்துக்கினு போவலாம். உடம்ப அப்டி தூக்கிக்கினு போவ முடியுமா? நீங்களே சொல்லுங்க" என்றார் வரதராஜன்.

என் கை வலித்தது. பச்சையம்மாள் என் பக்கத்தில் வந்து போனை வாங்கி, ஒரு தவிட்டு மூட்டையின் மேல் சாய்த்து வைத்தார். "அவங்க பேசட்டும் அக்கா. வாங்க, கோட்டைய பாத்துட்டு வருவோம்."

செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைகளில் ஒன்றான கிருஷ்ணகிரியில் ஏறினோம். படிகள் நன்றாகத்தான் இருந்தன. என் மூச்சுதான் நன்றாக இல்லை. எங்கள் ஊரில் மலைக்கு மேலே போக ஜீப் வண்டியே விட்டிருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். "ஓடற ஜீப்பா?" என்று கேட்டார். ஏக்கமாக இருந்தது அந்தக் கேள்வி.

பாதி வழியில் மண்டபம் ஒன்றில் உட்கார்ந்து, கட்டி வந்த பூரியைப் பிரித்தோம். ஒரு குரங்கு வந்து பூரியை விட்டுவிட்டு என் கைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த சந்திரனின் பட்டியலை உருவிக்கொண்டு போனது. பாறை மேல் உட்கார்ந்து அதைப் பிரித்துப் பார்த்தது. பிறகு, உதவாது என்பது போலக் கீழே விட்டுவிட்டது. தாள் காற்றில் மிதந்து கோட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் போயிற்று. நான் விரட்டவும் இல்லை.

பூரியைப் பிய்க்கும்போதுதான் பச்சையம்மாளின் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்களில் பச்சை வண்ணம்.

"நீங்கதான் செய்யறீங்க" என்றேன்.

அவர் கையை மடக்கிக்கொண்டார். பிறகு விரித்தார். "நாலு வருசமா. கடலை வாங்க தொண்டூரு போனப்ப ஒரு களத்துல கெடந்துச்சி அக்கா. உள்ள கோழி அடஞ்சிக்கினு இருந்திச்சி. இன்ஜின எப்பவோ கெணத்துல தண்ணி எறைக்க கழட்டிக்கினாங்களாம். எனக்கு அதப் பாத்துட்டு வர மனசு வரல. அவருகிட்ட சொன்னேன், அவரும் சரின்னு எடுத்தாந்துட்டாரு. மத்தியானம் கடைக்கு அவரு போனப்பறம் தேங்கா நாரும் மண்ணெண்ணெயும் வச்சிக்கினு தேய்ப்பேன். அப்பறம் உப்புத்தாளு. அப்பறம் பெயிண்டு. போன்ல பாத்துப் பாத்து கத்துக்கினேன்."

"அந்த வார் தையல்?"

"சாக்கு தைக்கிற ஊசிதான்."

"அப்ப குரல் செய்தி எல்லாம்?"

"நான் சொல்வேன், அவரு பேசுவாரு. வூட்டுக்காரம்மா மெக்கானிக் வேல பண்றாங்களான்னு கடைக்கு வர்றவங்க கேட்டுட்டா அவருக்கு ஒரு மாதிரி இருக்கும்னு நெனைக்கிறாரு. கெட்டவரு இல்ல அக்கா. கூச்சம்." கொஞ்ச நேரம் கீழே தெரிந்த வயல்களைப் பார்த்தார். "எனக்கு பேரு வேணாம். அது ஓடணும். நான் ஓட்டணும். போன வருசமே லைசென்சு எடுத்துட்டேன், டிரைவிங் ஸ்கூலு காருல."

நாங்கள் இறங்கி வந்தபோது போன் தவிட்டு மூட்டை மேல் அப்படியே இருந்தது. பேச்சு முடிந்து ரொம்ப நேரமாகியிருந்தது. வரதராஜன் கடைக்குப் போய்விட்டார். சந்திரனிடமிருந்து எனக்கு ஒரே வரி வந்திருந்தது: "நீ திரும்பி வா. அவர் சரியில்லை."

நான்காம் நாள் காலையில் திரும்பியிருக்கலாம். ஆனால் பச்சையம்மாளுக்கு ஒரு அழைப்பு வந்தது. அவலூர்பேட்டையில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் ஒருவர். எங்கள் இன்ஜினைப் பற்றித் தெரியும் முன்பே அவரிடம் சொல்லி வைத்திருந்தாராம். "ஒரிஜினல் மிலிட்டரி இன்ஜினு வந்துக்குது. இன்னிக்கே வந்து பாருங்க, நாளைக்கு வேற பார்ட்டி வர்றாங்க" என்றார்.

இருவரும் பேருந்தில் போனோம். அன்று அவலூர்பேட்டையில் கூட்டமான கூட்டம். தக்காளிக் கூடை, விதைநெல், கயிறு, கோழி எல்லாம் எங்களோடு இறங்கின. பச்சையம்மாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். வழியில் நான் கரும்புச்சாறு குடிக்கலாமா என்று கேட்டேன். காதில் விழவில்லை.

கடைக்காரர் கொட்டகைக்குள் ஒரு தார்ப்பாயை விலக்கினார். அதே இன்ஜின்தான். என் வீட்டு வாசலில் ஞாயிறுதோறும் உறுமுகிற அதே உருவம், வெள்ளி வண்ணம் அடித்து நின்றது. பச்சையம்மாள் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தார், சுற்றியது. தலைமூடியைத் தடவினார். "அக்கா, இதான் அக்கா. இது போதும். அண்ணன் அவரு இன்ஜின அவரே வச்சிக்கட்டும்" என்றார்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு வீட்டுச் சண்டையும் தீர்ந்தது. ஆனால் என் கண் ஒரு இடத்திலேயே நின்றது. பக்கவாட்டில் ஒரு சாண் அளவுக்கு வண்ணத்தின் மினுமினுப்பு மற்ற இடத்தைப் போல இல்லை. கிழிந்த திரைச்சீலையை அதே நிறத் துணி வைத்து உள்பக்கமாக மறைத்துத் தைத்துவிட்டு, புதிது என்று சொல்லிக் கொண்டுவருவார்கள் சிலர். வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் மட்டும் வேறு மாதிரி படுத்திருக்கும். முப்பது வருடமாக அதைத்தான் நான் பார்க்கிறேன்.

துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தேன். அந்த இடத்தில் லேசாகக் கீறினேன். இரும்பு கீறினால் சத்தம் வேண்டும். சத்தம் வரவில்லை. வெள்ளையாக மாவு உதிர்ந்தது. பட்டி வைத்துத் தேய்த்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் கீறியதும் உள்ளே ஒரு விரிசல் தெரிந்தது, என் சுண்டுவிரல் நீளத்துக்கு. கீறக் கீற அது போய்க்கொண்டே இருந்தது.

"அது இன்னாம்மா, மேலாக்க ஒரு கோடு" என்றார் கடைக்காரர்.

பச்சையம்மாள் அந்தக் கோட்டின் மேல் விரல் வைத்துப் பார்த்தார். எழுந்தார். "தண்ணி ஓடற எடம் அது" என்று மட்டும் சொன்னார். கடைக்காரர் எங்கள் பின்னாலேயே வாசல் வரை வந்து, வெல்டிங் வைத்தால் தெரியாது என்றார். தெரியாது என்பதுதான் பிரச்சினை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

திரும்பும் பேருந்தில் பச்சையம்மாள் சன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். பாதி வழியில் பேருந்தின் சக்கரம் பஞ்சராகி எல்லோரும் இறங்கி நின்றோம். புளியமரத்தடியில் அவர் பேசினார்.

"கண்ண தெறந்து வச்சிக்கினேதான் இருந்தேன் அக்கா. ஒண்ணுமே தெரியல. ஆச வந்தா அப்டிதான் ஆவும் போல."

"வெளியில மட்டும் வெடிச்சிருந்தா கூட ஏதாவது பண்ணலாம். உள்ள வரைக்கும் வெடிச்சிருந்தா ஆயிலோட தண்ணி கலந்து மோர் மாதிரி ஆயிடும். நூறு மைல் கூடப் போகாது" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் அதையேதான் யோசித்தேன். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஆறு வருடம் நான் துணி வெட்ட, அவர் வாசலிலிருந்து பேசிக்கொண்டே இருப்பார். நான் ம் கொட்டுவேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

சக்கரம் மாற்றி முடிப்பதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஆனால் முடிவு என்னுடையது, இன்ஜின் அவருடையது.

ஐந்தாம் நாள் காலை சந்திரனை அழைத்தேன். அறிவுரை, கெஞ்சல், கோபம் மூன்றையும் மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒன்றையும் எடுக்கவில்லை. "இந்த வண்டியைச் செய்தவங்ககிட்ட பேசுங்க" என்று சொல்லி போனைப் பச்சையம்மாள் கையில் கொடுத்தேன்.

அந்தப் பக்கம் சந்திரன் மரியாதைக்காக, "சாப்டாச்சாம்மா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"ஆச்சிண்ணே. பெட்ரோல் டேங்கு வைக்கிற பள்ளத்துல தண்ணி நின்னு துரு புடிக்குதே, அடியில இருக்கிற ஓட்டைய அடைக்கணுமா, வுட்டுடணுமா?" என்றார் பச்சையம்மாள்.

"தங்கச்சி, அதை அடைக்கவே கூடாது" என்றார் சந்திரன். குரலே மாறிவிட்டது.

ஒரு மணி நாற்பது நிமிடம் பேசினார்கள். பச்சையம்மாள் போனோடு வண்டிக்கு அடியில் போனார், வெளியே வந்தார், விளக்கைத் திருப்பிக் காட்டினார், ஒரு திருகாணியைப் பற்றிச் சண்டை போட்டார். வரதராஜனும் நானும் கிடங்கு வாசலில் ஆளுக்கொரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தோம். மூன்று முறை டீ வந்தது. எங்கள் ஊர் டீயில் பாதி அளவு, இரண்டு மடங்கு இனிப்பு.

"எங்கிட்ட ஒரு நாள்ல இவ்ளோ பேசினது கெடையாதும்மா" என்றார் வரதராஜன்.

"என்கிட்டயும் அவர் பேசினதில்ல" என்றேன். அது பொய் என்பது நேற்றுத்தான் எனக்கே தெரிந்தது. ஆனால் அவரை அந்த நேரத்தில் தனியாக விடத் தோன்றவில்லை.

கடைசியில் போன் என்னிடம் வந்தது. பின்னணியில் எங்கள் ஊர் மழை கேட்டது.

"கௌசி, அந்தம்மா விளக்கோட பழைய ஸ்பிரிங்கையே நிமித்திப் போட்டிருக்காங்க. நானா இருந்தா புதுசு வாங்கியிருப்பேன்" என்றார். பிறகு, "நம்ம இன்ஜினை அனுப்பிடலாமா? நீ கோவிச்சுக்க மாட்டியே?" என்றார்.

ஆறு வருடம் அதை எப்போது தூக்கிப் போடுவீர்கள் என்று கேட்டவள் நான். "நீங்க இல்லாம அவங்க அதை எப்படிப் பூட்டுவாங்க?" என்றேன்.

"நானும் அதைத்தான் நினைச்சேன். கால் சரியானதும் போகலாம்."

பக்கத்தில் பச்சையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கன்னத்தில் ஒரு கீற்று கிரீஸ் ஒட்டிக்கொண்டது. வரதராஜன் சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

கப்பலில் வந்த இன்ஜின் துறைமுகத்தில் நாற்பது நாள் கிடந்தது. அது என்ன, எதற்கு, போருக்கா என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வரதராஜன் ஏழு தடவை சென்னைக்குப் போய்வந்தார். அது செஞ்சிக்கு வந்து சேர்ந்த வாரம் நாங்களும் வந்து சேர்ந்தோம், சந்திரன் கைத்தடியோடு. ஆறு நாள் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார், பச்சையம்மாள் அடியில் படுத்து மாட்டிக்கொண்டிருந்தார். சில சமயம் அவர் சொன்னது தப்பு என்று அடியிலிருந்து குரல் வரும். நான் நான்கு இருக்கைகளுக்கும் கித்தான் உறை தைத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் தைத்தேன்.

ஏழாம் நாள் காலை பச்சையம்மாள் இடது பக்கம் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து, தரையில் இருந்த பொத்தானைக் காலால் மிதித்தார். உறுமியது. இந்த முறை நகர்ந்தது.

திட்டம் என்னவென்றால், விழுப்புரம் சாலையில் பெட்ரோல் பங்க் வரை போய்த் திரும்புவது. சந்திரன் முன்னால், நானும் வரதராஜனும் பின்னால். பங்க் வந்தது. "தங்கச்சி, இங்க திரும்பணும்" என்றார் சந்திரன். பங்க் பின்னால் போனது. ஒரு மொபெட் எங்களை முந்திக்கொண்டு போய், நின்று பார்த்து, மறுபடியும் முந்தியது. கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வரதராஜன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பச்ச, பச்ச" என்று இரண்டு முறை கூப்பிட்டார். பச்சையம்மாள் முன்னால் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். கியர் மாற்றும்போது உதடு மட்டும் அசைந்தது.

தளவானூரில் குடைவரைக் கோயில் பாறைக்கு எதிரே வண்டியை நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். கை ஸ்டீயரிங்கை விட்டு வரவில்லை.

"இன்னா இது? பங்க்கோட திரும்பணும்னுதான பேச்சு?" என்றார் வரதராஜன்.

"திரும்பியிருந்தா முடிஞ்சி போயிருக்கும்ல" என்றார் பச்சையம்மாள்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு எங்களில் வெள்ளைச் சட்டை போட்டவரைத் தேர்ந்தெடுத்து, "வண்டி யாருதுங்க? உங்களுதா?" என்று கேட்டார்.

வரதராஜன் கீழே இறங்கி வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

"எங்க வூட்டுக்காரம்மாவோடது. அவங்களே செஞ்சது" என்றார், அந்தப் பக்கம் இருந்த இன்னும் இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி.

"அப்டியா. எதுவரைக்கும் போவுது?"

"அத அவங்களத்தான் கேக்கணும்."